காலையில் எரியும் டயர் விளக்கு: நைட்ரஜன் போட்டால் போய்விடுமா?

#1 திருச்சி_டிரைவ்

வணக்கம். 2021 மாடல் காம்பாக்ட் எஸ்யூவி. நாலு சக்கரத்திலும் காற்றழுத்த சென்சார் உண்டு, மீட்டரில் தனித்தனியாக எண் காட்டும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன், பின் இரண்டுக்கும் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு).

ஒரு வாரமாகக் காலையில் வண்டியை எடுத்ததும், டயரில் காற்று குறைந்தால் வரும் அந்தக் குதிரைலாட விளக்கு எரிகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினால் தானாக அணைந்துவிடுகிறது. இன்று குறித்து வைத்தது:

காலையில்: முன் இடது 30, முன் வலது 30, பின் வலது 29, பின் இடது 25.
ஓடிய பிறகு: 33, 33, 32, 28.

கடைசியாகக் காற்று அடித்து 21 நாள் ஆகிறது. நல்ல மதிய வெயில், ஹைவேயிலிருந்து இறங்கிய கையோடு பங்கில் அடித்தது. நாலிலும் 33 வைத்தார்கள்.

டயர் கடையில் கேட்டால், "சாதாக் காத்து இப்படித்தான் ஏறி இறங்கும், நைட்ரஜன் போட்டா விளக்கே வராது" என்கிறார்கள். சக்கரத்துக்கு 50 ரூபாய், ஸ்டெப்னியோடு 250. போடலாமா?

#2 வால்வுபின்

250 ரூபாயைச் சட்டைப்பையிலேயே வையுங்க. பதில் நீங்க கொடுத்த எண்ணிலேயே இருக்கு. இரண்டு தனித்தனிக் கோளாறு ஒண்ணா மேலே ஏறி உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்.

முதல் கோளாறு, சூட்டில் காற்று அடிச்சது. வெயிலில் ஹைவே ஓடி வந்த டயருக்குள்ள காற்று 45 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் கேஜ் (காற்று அளக்கிற கருவி) 33 காட்டினா, உள்ளே இருக்கிற முழு அழுத்தம் 33 இல்லை, வெளிக்காற்றின் 14.7ஐயும் சேர்த்து 47.7. அதே காற்று விடியற்காலை 25 டிகிரிக்கு இறங்கினா 47.7 × 298 ÷ 318 = 44.7 (டிகிரியோட 273 கூட்டினாத்தான் இந்தக் கணக்கு வரும்). அதில் 14.7 போனா கேஜில் 30. உங்க முன் டயர் ரெண்டும் காட்டுறது சரியா அதே 30. அங்கே எந்த லீக்கும் கிடையாது. அன்னைக்கே மூணு பி.எஸ்.ஐ. குறைவாத்தான் அடிச்சிருக்கீங்க.

இரண்டாவது, பின் இடது. மத்த மூணும் 29, 30ல நிக்கும்போது இது மட்டும் 25. அதாவது 21 நாளில் முன் டயர்களைவிட அஞ்சு பி.எஸ்.ஐ. கூடுதலாப் போயிருக்கு. வாரத்துக்கு ஒன்றரைக்கு மேலே. இது ஸ்லோ லீக். ஆணி, வால்வு, ரிம் ஓரம், மூணில் ஒண்ணு.

காலையில் எரிஞ்சு பிறகு அணையுறது ஏன்னா, அந்த டயர் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே நிக்குது. ஸ்டிக்கரில் போட்டதுக்கு 25 சதவீதம் கீழே போனா விளக்கு எரியணும்னு அமெரிக்க விதி; 33க்கு அது 24.75. பல கம்பெனிகள் அதையொட்டியோ கொஞ்சம் மேலேயோ வைக்கிறாங்க. காலையில் 25ல எரியுது, ஓடிச் சூடேறி 28 ஆனதும் அணையுது. விளக்கு அணைஞ்சா டயர் சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை.

நைட்ரஜனும் இதே கணக்குப்படிதான் ஏறும், இறங்கும். 45ல இருந்து 25 டிகிரிக்கு வந்தா அதுவும் 33ல இருந்து 30தான். ஓட்டை வழியாப் போறதும் அதே மாதிரிதான் போகும். ஆணி போட்ட ஓட்டைக்கு உள்ளே என்ன வாயுன்னு தெரியாது.

#3 பச்சைமூடி

> ஆணி போட்ட ஓட்டைக்கு உள்ளே என்ன வாயுன்னு தெரியாது.

ஓட்டை விஷயத்தில் சரி. ஆனால் நைட்ரஜனை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ரப்பருக்குள் கசிந்து வெளியேறுவதில் ஆக்சிஜன் நைட்ரஜனைவிட மூன்று நான்கு மடங்கு வேகம். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 31 மாடல் டயர்களை ஜோடி ஜோடியாக எடுத்து, ஒன்றில் காற்றும் ஒன்றில் நைட்ரஜனும் 30 பி.எஸ்.ஐ.க்கு நிரப்பி ஒரு வருடம் வெளியில் வைத்துச் சோதித்தது. நைட்ரஜன் போட்டவற்றில் குறைவாகத்தான் இறங்கியது. ஈரம் இல்லை, உள்ளே ரப்பர் ஆக்சிஜன் பட்டு மூப்படைவதும் குறைவு. விமானத்துக்கு நைட்ரஜன்தான், பந்தயக் காருக்கும் நைட்ரஜன்தான். எல்லோரும் முட்டாள்களா?

#4 வால்வுபின்

அந்தச் சோதனையின் எண்களையும் போட்டிருக்கலாமே. ஒரு வருஷம் கழிச்சு சராசரியாக் காற்று 3.5 இறங்கியிருந்தது, நைட்ரஜன் 2.2. வித்தியாசம் 1.3, அதுவும் பன்னிரண்டு மாசத்துக்கு. மாசம் ஒரு தடவை ஏர் செக் பண்றவருக்கு அது 0.1. பங்கில் தொங்குற கேஜோட பிழையே அதைவிட ஜாஸ்தி.

விமானக் கதை வேற. 1986 மார்ச் 31ல மெக்சிக்கோவில் ஒரு போயிங் 727 விழுந்து 167 பேர் இறந்தாங்க. பிரேக் பிடிச்சுக்கிட்டு அளவுக்கு மீறிச் சூடாகி, நைட்ரஜனுக்குப் பதிலாக் காற்று அடிச்சிருந்த டயர் சக்கரக்கூட்டுக்குள்ளேயே வெடிச்சது. அதுக்கப்புறம்தான் பெரிய விமானங்களில் பிரேக் உள்ள சக்கரங்களுக்கு ஆக்சிஜன் 5 சதவீதத்துக்கு மேலே இருக்கக்கூடாதுன்னு அமெரிக்காவில் கட்டாயமாச்சு. அங்கே பயம், சூட்டில் ரப்பர் விடுற வாயு ஆக்சிஜனோட சேர்ந்து பத்திக்கும்கிறது. உங்க கார் ரன்வேயில் 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குறதில்லையே.

இன்னொண்ணு. "நைட்ரஜன் போட்டேன்"னு சொல்றவங்க டயரில் எவ்வளவு நைட்ரஜன் இருக்குன்னு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கீங்களா? சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். 28ல இருக்கிற காற்று டயருக்கு 95 சதவீத நைட்ரஜனை 33 வரை டாப்-அப் பண்ணினா, உள்ளே இருக்கிற 47.7ல புதுசா வந்தது 5 மட்டும்தான். மொத்தத்தில் 78 ஆனது 80. இந்த ரெண்டு சதவீதத்துக்குத்தான் காசு.

முழுசா இறக்கிட்டு அடிச்சாலும் டயர் காலியாகாது. கேஜ் 0 காட்டும்போதும் உள்ளே ஒரு வளிமண்டலக் காற்று, அதாவது 14.7 இருக்கும். அதுமேல 33 வரை அடிச்சா 90 சதவீதம் வரும். மறுபடி இறக்கி மறுபடி அடிச்சா 93. வண்டியை ஜாக்கியில் தூக்கி ரெண்டு தடவை இறக்கி ஏத்துற கடையைப் பார்த்தா சொல்லுங்க. பெரும்பாலான இடத்தில் வால்வை அரை நிமிஷம் அமுக்கிப் புஸ்ஸுன்னு விட்டுட்டு, பச்சை மூடியை மாட்டி அனுப்பிடுவாங்க.

#5 பச்சைமூடி

என் பெயரையே பிடித்து இழுத்துவிட்டீர்கள். இருக்கட்டும். :)

இரண்டு தடவை இறக்கி ஏற்றினால்தான் நைட்ரஜன் என்பது சரி. டாப்-அப் வீண் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஈரத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

#6 வால்வுபின்

ஈரம்தான் உங்க கட்சியில் உள்ள ஒரே நல்ல வாதம். அதை நான் மறுக்க மாட்டேன்.

நம்ம ஊர் பஞ்சர் கடை கம்ப்ரசர் டேங்கைத் தினமும் அடியில் திறந்து தண்ணி வடிக்கணும். மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் அது இன்னும் அவசியம். வடிக்காத டேங்கில் இருந்து ஹோஸ் வழியாத் தண்ணியே டயருக்குள்ள போகும். வெறும் ஈரப்பதம்னா பெரிய பாதிப்பில்லை. உள்ளே தண்ணி தேங்கி நின்னாத்தான் கணக்கு மாறும். காய்ந்த காற்று 30 டிகிரியில் 33ன்னா, 70 டிகிரியில் 39.3 ஆகும், 6.3 ஏறும். உள்ளே தண்ணி இருந்தா நீராவியின் அழுத்தம் 30 டிகிரியில் 0.6, 70 டிகிரியில் 4.5. அதாவது இன்னும் நாலு பி.எஸ்.ஐ. மேலே ஏறும். பந்தயக்காரங்க நைட்ரஜன் போடுறது இந்தக் காரணத்துக்குத்தான். அவங்களுக்குச் சூட்டில் எவ்வளவு ஏறும்னு முன்கூட்டித் தெரியணும். பங்கில் உள்ள நைட்ரஜன் மெஷின் காற்றை வடிகட்டி உலர்த்தித்தான் கார்பன் சல்லடைக்குள்ளேயோ மெம்ப்ரேன் குழாய்க்குள்ளேயோ அனுப்பி ஆக்சிஜனைப் பிரிக்குது. அதனால நீங்க வாங்குறது நைட்ரஜன் இல்லை, காய்ந்த காற்று. உலர்த்தி வெச்ச நல்ல கம்ப்ரசர் இருந்தா அதுவும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு சோதனை சொல்றேன். வால்வு மூடியைக் கழட்டிப் பின்னை ஒரு விநாடி அமுக்கி, கண்ணாடி முன்னாடி பிடிங்க. கண்ணாடியில் துளி துளியாத் தெறிச்சா உள்ளே தண்ணி இருக்கு. அப்படின்னா டயரைக் கழட்டித் துடைச்சு மாட்டணும். மேலே நைட்ரஜன் அடிச்சுப் பயனில்லை.

மூப்பு விஷயம்: நம்ம ரோட்டில் டிரெட் (தரையில் படுற பகுதி) தேய்ஞ்சு மாத்துறதுதான் முதல்ல வரும். தவிர வெளியே 21 சதவீத ஆக்சிஜனும் வெயிலும் சைடுவாலை (டயரோட பக்கச்சுவரை) தின்னுக்கிட்டுத்தானே இருக்கு.

#7 மலைரோடு

நடுவில் ஒரு விஷயம். மேட்டுப்பாளையம் வழி ஊட்டி போகிற எல்லோரும் குழம்புவது இது. சென்சார் உள்ள வண்டியில் அடிவாரத்தில் 32 அல்லது 33 காட்டும். மறுநாள் விடியற்காலை ஊட்டியில் 29 காட்டும். கையில் உள்ள கேஜை வைத்துப் பார்த்தால் 32க்கு மேல் இருக்கும். கேஜ் கெட்டதும் இல்லை, சென்சார் கெட்டதும் இல்லை.

பெரும்பாலான சென்சார்கள் அளப்பது முழு அழுத்தம். வண்டி அதிலிருந்து கடல்மட்டத்து 14.7ஐக் கழித்துக் காட்டுகிறது. சில வண்டிகள் என்ஜினின் காற்றழுத்த சென்சாரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும், பல செய்வதில்லை. கையில் உள்ள கேஜோ, அந்த இடத்து வெளிக்காற்றோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டுகிறது. மேட்டுப்பாளையம் 320 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்று சுமார் 14.1. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 11.2.

மேட்டுப்பாளையத்தில் 32 டிகிரியில் கேஜ் வைத்து 33 அடித்தால் முழு அழுத்தம் 47.1. ஊட்டியில் விடிகாலை 10 டிகிரியில் அது 43.7 ஆகும். டயருக்கு வேண்டியது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம்: 43.7 − 11.2 = 32.5. குளிரில் இறங்கியதை உயரம் ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது. ஆனால் மீட்டர் 43.7 − 14.7 என்று கணக்குப் போட்டு 29 காட்டுகிறது.

அதை நம்பி ஊட்டி பங்கில் மீட்டர் 33 காட்டும் வரை அடித்துவிட்டு இறங்கினால், அடிவாரத்தில் நிறுத்தி ஆறவிட்டுப் பார்த்தாலே 37 இருக்கும். ஓடும்போது 40ஐத் தாண்டும். கொடைக்கானலுக்கும் இதே கதைதான். மலையில் விளக்கு எரிந்தால் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாலும் சமமாக இறங்கியிருந்தால் விட்டுவிடலாம், ஒன்று மட்டும் தனியாகக் கீழே கிடந்தால் அது லீக்.

#8 ரிம்_ரங்கன்

திருச்சிக்கார அண்ணா, பின் இடதை எப்படிப் பார்க்கிறதுன்னு யாரும் சொல்லலீங்க. கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டிலேயே பார்த்திடலாமுங்க.

முதல்ல அந்த டயர்ல 35, 36 வரைக்கும் காத்து அடிச்சுக்குங்க. அழுத்தம் கம்மியா இருந்தா சின்ன லீக்கு தெரியாதுங்க. பாத்திரம் கழுவுற திரவத்துல ரெண்டு மூடி, அரை லிட்டர் தண்ணி, நுரை வராமக் கலக்கி ஒரு ஸ்பிரே பாட்டில்ல ஊத்துங்க. வால்வு மூடியைக் கழட்டி வால்வு வாயில ஒரு சொட்டு விடுங்க. குமிழ் வந்தா உள்ளே இருக்கிற பின் லூசு, இல்ல அதோட ரப்பர் போயிருக்குதுன்னு அர்த்தம். அடுத்தது வால்வு ரிம்முக்குள்ள நுழையுற அடிப்பாகம். அங்கே அடிச்சுட்டு ரெண்டு நிமிஷம் பொறுங்க. வால்வை விரல்ல லேசா நாலு பக்கமும் சாய்ச்சுப் பாருங்க. நேரா நிக்கும்போது வராத குமிழ் சாய்ச்சா வரும். அப்புறம் ரிம்மும் டயரும் சேர்ற ஓரம், வெளிப்பக்கம் ஒரு சுத்து. உள்பக்க ஓரம் பார்க்கணும்னா சக்கரத்தைக் கழட்டித்தான் ஆகணும்ங்க. அலாய் வீல்ல லீக்கு பாதிக்குப் பாதி உள்பக்கம்தான், ரிம்மு அரிச்சுப் பூத்துப்போய் பீடிங் (ரிம்மோட ஒட்டுற டயர் ஓரம்) சரியா ஒட்டாது. கடைசியா டிரெட்டு. அரையடி அரையடியா உருட்டிப் பாருங்க.

வேகமாப் பெரிய குமிழ் எதிர்பார்க்காதீங்க. வாரத்துக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ.ன்னா கடுகு கடுகா, வெள்ளைப் பாசி மாதிரி மெதுவாத்தான் பூக்கும். வெயில்ல பார்த்தா தண்ணி காஞ்சிடும், நிழல்ல பாருங்க.

ஆணி இருந்தா பிடுங்கிடாதீங்க, அப்படியே கடைக்குக் கொண்டு போங்க. நடு டிரெட்டுல சின்ன ஓட்டைன்னா சொருகுற ரப்பர் ஸ்ட்ரிப் போதும். டயரோட தோள்பட்டைக்கு (டிரெட் முடியுற ஓரத்துக்கு) வெளியே, சைடுவால்ல இருந்தா எதையும் சொருகக்கூடாதுங்க. வழியில நிறுத்தி அந்த பஞ்சர் திரவத்தை ஊத்துறாங்களே, சென்சார் இருக்கிற சக்கரத்துல அதை ஊத்தினா சென்சாரோட சின்னத் துவாரம் அடைச்சுக்கும். அப்புறம் சென்சாரைக் கழட்டிக் கழுவணும், இல்லைன்னா புதுசுதான்.

#9 டி.எஸ்.ஜி._தாஸ்

என்னுடையதில் எண் காட்டாது, விளக்கு மட்டும்தான். ஃபோக்ஸ்வாகன் வண்டி. இதில் எப்படி எந்த டயர் என்று கண்டுபிடிப்பது?

#10 வால்வுபின்

உங்க வண்டி டயர் அழுத்தத்தை அளக்கவே இல்லை. ஃபோக்ஸ்வாகன் டைகுன், வெர்ட்டஸ், ஸ்கோடா குஷாக், ஸ்லாவியா எல்லாத்திலும் மறைமுக முறைதான், பிரேக்குக்காகச் சக்கர வேகத்தை அளக்கிற ஏ.பி.எஸ். சென்சார்தான் வேலை செய்யுது. காற்று குறைஞ்ச டயரோட சுற்றளவு ஒரு நூல் குறையும், அதனால மத்ததைவிடக் கொஞ்சம் வேகமாச் சுத்தும். அந்த வித்தியாசத்தை வெச்சு விளக்கு போடுது.

அதனால ரெண்டு சங்கடம். நாலும் ஒரே அளவு இறங்கினா வித்தியாசமே இருக்காது, சுலபமாக் கண்டுபிடிக்காது. ரெண்டாவது, ரீசெட் பண்ணும்போது இருக்கிற நிலைமையைத்தான் "சரி"ன்னு கத்துக்கும். டயர் 26ல இருக்கும்போது விளக்கு எரிச்சலா இருக்குன்னு மெனுவில் போய் செட் கொடுத்தீங்கன்னா, 26தான் சரின்னு மனப்பாடம் பண்ணிக்கும். அதுக்கப்புறம் 20க்கு வந்தாத்தான் வாயைத் திறக்கும்.

முறை இதுதான்: காலையில் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, இல்லை குறைஞ்சது மூணு மணி நேரம் நின்ன பிறகு, நாலையும் ஸ்டிக்கர்படி அடிக்கணும். பிறகு ரீசெட். பிறகு சாதாரணமா ஓட்டணும். அது கத்துக்கக் கொஞ்ச நேரம் ஆகும். டயர் மாத்தினாலும், முன்பின் ரொட்டேஷன் பண்ணினாலும், ஒரு பஞ்சர் ஒட்டினாலும் மறுபடி ரீசெட். ஒரு பக்கம் மட்டும் புது டயர் போட்டா, தேய்மான வித்தியாசத்தையே காற்று குறைவுன்னு நினைச்சுக்கும்.

#11 ஸ்கார்பரோ_சண்

கனடாவில் இருக்கிற ஆக்களுக்கும் ஒண்டு எழுதிவிடுறன். நவம்பரில் முதல் குளிர் விழுந்த காலமை தெருவில் நிக்கிற வாகனம் பாதிக்கு இந்த லைட் எரியும். சூடாக்கின கராஜில் 20 பாகையில் 33 அடிச்சுப்போட்டு, வெளியில் −20இல் விட்டால் 26.5தான் இருக்கும். கராஜில் 31 இருந்த டயர் எண்டால் 25க்குக் கீழ போய் லைட் எரிஞ்சுடும். இங்கேயும் கடைக்காரர் "நைட்ரஜன் அடிச்சால் குளிருக்குச் சுருங்காது" எண்டு சொல்லுறவை. சுருங்கும். மேலே எழுதின அதே கணக்குத்தான்.

இங்கே இன்னொரு பிரச்சினை. குளிர்கால டயரைத் தனி ரிம்மில் சென்சார் இல்லாமல் போடுகிறவை கனபேர். அப்ப லைட் ஒரு நிமிசத்துக்கு மேல மினுங்கிப்போட்டுப் பிறகு நிண்டு எரியும். மினுங்கினால் காற்றுக் குறைவில்லை, சென்சாரோட வாகனத்துக்குத் தொடர்பில்லை எண்டு அர்த்தம். ஊரிலை இருந்து ஒன்லைனில் சென்சார் வாங்கி அனுப்பச் சொல்லிக் கேட்கிறவைக்கு: இங்கத்தைய வாகனங்கள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 433. மாறிப் போட்டால் வேலை செய்யாது.

#12 வால்வுபின்

மினுங்குற விளக்குக்கும் நின்னு எரியுற விளக்குக்கும் உள்ள வித்தியாசத்தை நான் முதல்லயே எழுதியிருக்கணும், நன்றி அண்ணே. மினுங்கினா முதல்ல பார்க்க வேண்டியது சென்சார் பேட்டரி. உள்ளே பிசின் ஊத்தி அடைச்ச லித்தியம் பேட்டரி, அஞ்சுல இருந்து பத்து வருஷம் வரும். மாத்த முடியாது, சென்சாரோடதான் மாத்தணும். ஸ்டெப்னியை மாட்டினாலும் மினுங்கும். நம்ம ஊரில் பெரும்பாலான ஸ்டெப்னியில் சென்சார் கிடையாது. சிகரெட் லைட்டர் துவாரத்தில் மாட்டுற மலிவு சார்ஜர், டேஷ்கேம் இதுகள் அதே ரேடியோ அலையில் இரைச்சல் போட்டாலும் சென்சார் குரல் கேட்காமப் போகும். அதைப் பிடுங்கிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. செலவில்லாத சோதனை.

இன்னொரு பொறி: நிக்கிற வண்டியில் சென்சார் தூங்கும், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே போனாத்தான் தொடர்ந்து பேசும். பங்கில் அடிச்சதும் மீட்டர் எண் மாறலைன்னு "இன்னும் போடுங்க, இன்னும் போடுங்க"ன்னு சொல்லி 40 வரை ஏத்துறவங்க உண்டு. அடிக்கும்போது நம்ப வேண்டியது கேஜை. மீட்டரை அஞ்சு பத்து நிமிஷம் ஓட்டின பிறகு பாருங்க.

#13 மதுரை_மாருதி

என் வண்டியில் இந்த வசதியே இல்லை. வால்வு மூடிக்குப் பதிலாக வெளியே திருகும் சென்சார் கிட் வாங்கலாமா? சோலார் டிஸ்பிளே உடன் வருகிறதே.

#14 ரிம்_ரங்கன்

வாங்கலாமுங்க, ஆனா தெரிஞ்சு வாங்குங்க. வெளியே திருகுற சென்சார் உங்க வால்வு பின்னை எந்நேரமும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அதாவது காத்தை நிறுத்துறது இனிமே வால்வு இல்லைங்க, அந்த மூடிக்குள்ள இருக்கிற சின்ன ரப்பர் வாஷர்தான். அது காஞ்சா லீக்கு. ரப்பர் வால்வுல அதோட கனம் சேர்ந்து, சக்கரம் சுத்துற வேகத்துல வால்வு வெளிப்பக்கமா வளைஞ்சு, அடியில வெடிப்பு விடும். அதனால வெளி சென்சார் போடுறதா இருந்தா உலோக வால்வு மாத்திட்டுப் போடுங்க, மாட்டினதும் சோப்புத்தண்ணி விட்டுப் பாருங்க, சக்கரத்தை மறுபடி பேலன்சிங் பண்ணுங்க. புது டயர் மாத்தப்போறீங்கன்னா உள்ளே வைக்கிற சென்சார் கிட்டே வாங்கிடுங்க. டயரை ஒரு தடவைதானே கழட்டணும்.

#15 சட்டம்_சரவணன்

ஸ்டெப்னி பற்றிப் பேச்சு வந்ததால்: 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, அழுத்தக் கண்காணிப்பு வசதியும் டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் கொடுக்கப்பட்ட, 3.5 டன்னுக்குள் உள்ள பயணியர் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறை. எனவே ஸ்டெப்னி இல்லாத வண்டி வாங்கியவர்கள் இந்த விளக்கை அலட்சியப்படுத்தவே கூடாது; பஞ்சரானால் மாட்ட வேறு சக்கரம் கிடையாது.

பங்கில் சாதாக் காற்று இலவசம் என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்குகளுக்கு விதித்துள்ள ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. மெஷின் ரிப்பேர் என்று பலகை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நைட்ரஜனுக்குக் காசு கேட்டால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். பல இடங்களில் அப்போதே மெஷின் சரியாகிவிடும்.

#16 பச்சைமூடி

கடைசியாக என் பக்கம். டயர் புதிதாக மாற்றும்போது, கழற்றிய நிலையிலேயே, இரண்டு தடவை இறக்கி ஏற்றும் கடையாக இருந்து, போகும் வழியில் பழகிய பங்கில் டாப்-அப் இலவசம் என்றால் போட்டுக்கொள்ளலாம். கெடுதல் ஒன்றும் இல்லை. நெடுநாள் நிறுத்தி வைக்கும் வண்டிக்குக் கொஞ்சம் உதவும். வழியில் காற்று குறைந்து நைட்ரஜன் கிடைக்காவிட்டால் சாதாக் காற்றைத் தயங்காமல் அடியுங்கள். "கலக்கக் கூடாது" என்று குறைந்த காற்றோடு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவதுதான் டயரைக் கொல்லும்.

#17 வால்வுபின்

இதுக்கு மேலே சண்டை போட எனக்கு ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு வேடிக்கை: ஆக்சிஜன்தான் முதல்ல கசியும்னு நீங்களே சொன்னீங்க. அப்படின்னா சாதாக் காற்றையே மாசாமாசம் டாப்-அப் பண்ணிக்கிட்டு வர்ற டயரில் நைட்ரஜன் சதவீதம் தானா மெல்ல ஏறிக்கிட்டே இருக்கும். இலவசமா.

#18 திருச்சி_டிரைவ்

எல்லோருக்கும் நன்றி. காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த டயரில் நாலையும் 33க்கு வைத்தேன். பின் இடதை மட்டும் சோதனைக்காக 36. டிரெட்டில் ஒன்றும் இல்லை, வெளி ஓரத்திலும் இல்லை. வால்வு வாயில் குமிழ் இல்லை. வால்வின் அடியில், ரிம்முக்குள் நுழையும் இடத்தில், சாய்த்தபோது கடுகு மாதிரிக் குமிழ் வந்தது. உலோக வால்வு, அடியில் ஒரு நட் இருக்கிறது. அதைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மூடி பித்தளை மாதிரித் தெரிகிறது, மற்ற மூன்றிலும் கறுப்பு பிளாஸ்டிக். நட்டை ஸ்பேனர் வைத்து இறுக்கிவிட்டால் போதுமா?

#19 ரிம்_ரங்கன்

இறுக்காதீங்க அண்ணா! அந்தத் தண்டு அலுமினியம், உள்ளே சென்சாரோட சேர்ந்த ஒரே பீஸ். பூத்துப்போன நட்டை வேகமாத் திருப்பினா தண்டு முறிஞ்சு ஒரேயடியாக் காத்து இறங்கும், சென்சாரும் போயிடும். பித்தளை மூடி பட்டா ஈரத்துல அலுமினியம் அரிச்சுப்போகும்ங்க. யாரோ மூடியைத் தொலைச்சுட்டு கைக்குக் கிடைச்சதை மாட்டியிருக்காங்க.

டயர் கடையில சர்வீஸ் கிட்டுன்னு கேளுங்க: ரப்பர் வாஷர், நட்டு, நிக்கல் பூசின வால்வு பின், பிளாஸ்டிக் மூடி. சாதா பித்தளைப் பின்னை மட்டும் போட விடாதீங்க. டயரைக் கழட்டும்போது சென்சார் இருக்குதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. மெஷின்ல பீடிங்கை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் வெச்சு உடைக்கணும், வால்வு பக்கம் அமுக்கினா சென்சார் நொறுங்கிடும். நட்டை அந்தச் சென்சாருக்குச் சொன்ன டார்க்குக்குத்தான் (இறுக்குற அளவுக்குத்தான்) இறுக்கணும், ஏர் கன்னு வேண்டவே வேண்டாம். தண்டுல அரிப்பு ஆழமா இருந்தா சென்சாரையே மாத்துறதுதான் சரிங்க. மாட்டினதும் சோப்புத்தண்ணி ஒரு தடவை அங்கேயே விட்டுப் பார்த்துட்டு வண்டியை எடுங்க.